பதினொரு காசும் அரைக் குழியும்

“இனி ஒரு பிடி மண் வெளியில வரப்படாது,” என்று ஸுலைஹா குழியோரத்தில் நின்று கட்டளையிட்டபோது, உள்ளே நின்ற கொத்துவேலை மேசனின் தலை மட்டும்தான் தரைக்கு மேலே தெரிந்தது.

அவளுடைய கணவர் ஜபாரின் காதில் அது ஏறவில்லை. மேசன் மேலே நீட்டிய சின்ன மண்சட்டியை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்வெட்டி பட்டு அதன் விளிம்பு உடைந்திருந்தது. உள்ளே பச்சைக் களிம்பேறிய செப்புக் காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எண்ணிப் பார்த்தால் பதினொன்று.

“இது ஆர்ட சல்லி?” என்றாள் ஸுலைஹா.

“எனக்கு எப்படிப் புள்ள தெரியும்? மண்ணுக்குள்ள இருந்திச்சு.”

“மண்ணுக்குள்ள வெச்சவன் ஒருத்தன் இருந்திருப்பான்தானே? அவன் ஆரு, எந்தக் காலத்து ஆள், ஒண்டும் தெரியாம அதுக்கு மேல கக்கூஸக் கட்டிட்டுக் குந்தப் போறமா?”

மேசன் மெல்ல ஏறி வந்து கால் கழுவினார். முந்தல் ஊரில் ஒரு மதில் வேலை காத்திருக்கிறதென்றும், முடிவெடுத்தபின் அழைத்தால் வருவதாகவும் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அன்று திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கற்பிட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஜபாரின் ஒரே மகள் ஸஃப்னாவைப் பேசி முடிக்கும் நாள். பழைய மலசலகூடம் மாரி மழைக்குக் குழியோடு இடிந்து போய்விட்டது. புதிதுக்கோ குழி அரைவாசியில் நிற்கிறது. அதுவரைக்கும் பக்கத்து வளவு அன்ரனிப்பிள்ளை வீட்டு மலசலகூடம்தான் கதி. அங்கே ஆறு பேர், இங்கே மூன்று பேர், கதவு ஒன்று. விடியற்காலையில் வாளியும் கையுமாக நிற்கிற வரிசையைப் பார்த்தால் மண்ணெண்ணெய்க்கு நிற்கிற கூட்டம் மாதிரி இருக்கும்.

“அரசாங்கத்துக்கு அறிவிச்சிடுவமே,” என்றாள் ஸஃப்னா.

“அறிவிக்கத்தான் வேணும். ஆனா வந்து குழியச் சுத்தி மஞ்சள் ரேப் கட்டி மறிச்சிட்டா?” என்றார் ஜபார்.

அவருடைய பயம் அதுதான். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரே ஒரு பையோடு கடலேறி வந்தபோது அவருக்கு இருபத்துமூன்று வயது. அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் கழிந்த வருஷங்களை எண்ண அவருக்குப் பிடிக்காது. யுத்தம் முடிந்து ஆறு வருஷத்துக்குப் பிறகுதான் மதுரங்குளிக்குப் பக்கத்தில் இந்தப் பத்துப் பேர்ச் அளவான சின்னக் காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கையில் கிடைத்தது. அது கிடைத்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் ஒரு சட்டி வந்து அதைப் பறித்துக்கொண்டு போவதா?

அப்போதுதான் அவருக்கு இராமநாதன் மாஸ்டரின் ஞாபகம் வந்தது. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வந்து, பன்னிரண்டு வருஷம் சரித்திரம் படிப்பித்தவர். பழங்காசு என்றால் சோறு தண்ணீரை மறக்கிற மனிதர். பாண் ரொட்டி விற்கும் ஜபாரிடம் நாள் தவறாமல் அரை இறாத்தல் பாண் வாங்கியவர். இப்போது ஊர் திரும்பி விட்டார்.

மாஸ்டர் தொலைபேசியில் துள்ளினார்.

“தம்பி ஜபார், காசைத் தூக்கிக்கொண்டு திரியாதேங்கோ. பொலிஸ் கண்டால் புதையல் தோண்டின கேஸ். வீட்டிலேயே வைச்சு, ரெண்டு பக்கமும் தெளிவாப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ. எந்தக் காலம் எண்டு பார்த்துச் சொல்லுறன். பிறகு முறைப்படி அறிவிப்பம். பயப்பட ஒண்டுமில்லை. ஆனா படம் தெளிவா இருக்கோணும். அதுதான் முக்கியம்.”

செவ்வாய்க்கிழமை காலையில், பாண் சுற்றுகிற வெள்ளைக் கடதாசியை யன்னலோரம் விரித்து, ஒரு காசை அதன் நடுவில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜபார் படம் எடுத்தார். ஸஃப்னா காசைப் புரட்டினாள். மறுபக்கமும் எடுத்தார். அனுப்பினார்.

அரை மணித்தியாலத்தில் மாஸ்டரின் குரல் வந்தது.

“தம்பி, என்ன இது? பனிக்குள்ள மாடு நிக்கிற மாதிரிக் கிடக்கு. ஒண்டும் விளங்கேல்லை. வெளிச்சம் காணாது போல. நல்ல வெயிலில வைச்சு எடுங்கோ.”

ஜபார் படத்தைப் பார்த்தார். அவருக்கென்னவோ அது காசு மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் அவர் பாண்காரர். மாஸ்டர் மாஸ்டர்.

நல்ல வெயிலுக்கு அவர் வளவில் இடமில்லை. நான்கு பக்கமும் தென்னை. ஆகவே புதன்கிழமை, மாஸ்டரின் பேச்சை மீறி, ஒரே ஒரு காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வியாபாரத்துக்குக் கிளம்பினார்.

ஜபாரின் வியாபாரம் சூன் பாண். முச்சக்கர வண்டியின் பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பாணும் பனிசும், கூரையில் ஒலிபெருக்கி. அந்தக் கீச்சுச் சங்கீதம் கேட்டால் நித்திரையில் கிடப்பவனும் எழும்பி வருவான். நடுப்பகல், மதுரங்குளிச் சந்தி. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கூரையில் காசை வைத்து, ஆசனத்தில் ஏறி நின்று குனிந்தார். சங்கீதத்தை நிறுத்த மறந்துவிட்டார்.

சங்கீதம் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

“ஜபார் நானா, கிம்புலா பனிஸ் இருக்கா?”

“கொஞ்சம் பொறுங்க.”

“மேல என்ன செய்றீங்க?”

“ஒண்டுமில்ல. ஒரு பழைய காசு. படம் எடுக்கிறன்.”

“பழசெண்டா?”

“ராசா காலத்ததாவும் இருக்கலாம்,” என்று சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கு உறைத்தது. கீழே பத்துப் பேர் நின்றார்கள். ஒருவரும் பனிசைக் கேட்கவில்லை.

மாஸ்டரின் பதில் சுருக்கமாக இருந்தது. “தம்பி, முந்தி மாடாவது நிண்டது. இப்ப பனி மட்டும்தான் கிடக்கு.”

வீடு வந்து சேர்வதற்குள் செய்தி அவரை முந்திவிட்டது. ஜபாருக்குப் புதையல் கிடைத்திருக்கிறது. அது செப்பிலிருந்து வெள்ளியாகி, மசூதித் தெரு தாண்டும்போது பொன்னாகிவிட்டது. வியாழன் காலையில் பாண் விற்கப் போனவரைப் வாசற் படலைக்குப் படலை மறித்தார்கள். பாண் வாங்க அல்ல. பால்மா டின், தையல் பெட்டி, பழைய சுருட்டுப் பெட்டி என்று எதிலெதிலோ இருந்து ஆளுக்கொரு காசைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

“நானா, இதயும் ஒரு படம் எடுத்து ஒங்கட ஆளுக்கு அனுப்புங்க.”

“இது போன வருஷத்து ரெண்டு ரூவாக் குத்தி, ராத்தா.”

“பாத்தீங்களா, பாத்த ஒடன சொல்லிட்டார்!” என்று அந்தப் பெண் அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னாள். அதோடு ஜபாரின் புலமை மேலும் பரவியது. பாண் பெட்டிக்குள்ளேயே காய்ந்தது.

வியாழன் பின்னேரம் அன்ரனிப்பிள்ளை வந்தார். கிளிநொச்சியில் மணிக்கூடு திருத்தியவர், இங்கே வந்தும் அதையே செய்தவர், இப்போது கை நடுங்குவதால் விட்டுவிட்டார். அவருக்கு இந்தக் காரியத்தில் தனிப்பட்ட அக்கறை இருந்தது. பல நாளாகத் தன் வீட்டு மலசலகூடத்துக்கே அவர் மூன்றாவது ஆளாக நிற்கிறார்.

“உங்கட ஃபோனில குறையில்லை, ஜபார். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாததுதான் குறை,” என்று தன் பழைய மணிக்கூட்டுக் கண்ணாடியை எடுத்துக் கமராவின் மேல் சிலோடேப்பால் ஒட்டினார். படம் எடுத்தார்கள். பச்சையாக ஒரு காடு தெரிந்தது.

“இது வில்பத்துக் காடு,” என்றாள் ஸஃப்னா.

“இது ஊத்தை,” என்றாள் அன்ரனிப்பிள்ளையின் மனைவி யூஜீனியா, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து. “களிம்பு மூடினா எப்பிடிப் படம் தெளியும்? தலவிலக் கோயில் பெருநாளுக்கு நான் வீட்டுக் குருசு விளக்கெல்லாம் புளி போட்டு மினுக்கிறனான். தாங்கோ இஞ்ச.”

“கழுவலாமா எண்டு மாஸ்டர்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?” என்றாள் ஸுலைஹா.

“முகம் கழுவிட்டுத்தானே புள்ள எல்லாரும் படம் எடுக்கிற?” என்றார் ஜபார். அந்த நேரத்தில் அது நல்ல நியாயமாகத்தான் பட்டது.

யூஜீனியா புளியும் உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். பச்சை போய்ச் செம்பு தெரிந்தது. அங்கங்கே கறுப்பு நின்றது. அதை அப்படியே விட்டிருக்கலாம். அன்ரனிப்பிள்ளை விடவில்லை. மணிக்கூட்டு உறைகளை மினுக்குகிற சின்ன மோட்டார் ஒன்று அவரிடம் இருந்தது. அவருடைய கை நடுங்கினாலும் மோட்டார் நடுங்காது. ஒவ்வொன்றாகப் பிடித்தார். ‘விர்ர்’ என்றது. மஃரிபுத் தொழுகைக்கு முன் பதினொரு காசும் பதினொரு சூரியனாக மேசையில் கிடந்தன.

“பாருங்கோ,” என்று ஒன்றைத் தூக்கி ஜபாரின் கண்ணுக்கு நேரே பிடித்தார் அன்ரனிப்பிள்ளை. “முகம் வடிவாத் தெரியுது.”

ஜபார் ஆவலோடு பார்த்தார். “ஓம், தெரியிது. ஆர்ட முகம்?”

அன்ரனிப்பிள்ளை தானும் ஒரு முறை உற்றுப் பார்த்தார்.

“உங்கட முகம்தான்.”

மற்றப் பத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். ஒன்றிலும் ஒரு கீறல் கிடையாது. ஸுலைஹா காசுகளை ஒவ்வொன்றாகத் திரும்பவும் சட்டிக்குள் போட்டாள்.

இருந்தும் படம் எடுத்து அனுப்பினார்கள். மாஸ்டரின் பதில் வந்தது. “தம்பி, பூரணை நிலாவையோ படம் பிடிச்சு அனுப்பினீங்கள்? ஏன் இப்பிடி வெள்ளையாக் கிடக்கு... பொறுங்கோ. கழுவினீங்களோ? ஐயோ! பழங்காசைக் கழுவுறது கிழவரைச் சவரம் செய்யிற மாதிரியில்லை, தோலை உரிக்கிற மாதிரி!”

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், ஜபார் கடைசி வழியாக முந்தலுக்குப் போனார். அங்கே ஸஜீத்தின் ஸ்டூடியோ இருந்தது. மூன்று மாவட்டத்துக் கல்யாணங்களுக்கும் படம் பிடிக்கிற ஆள்.

“கவலப்படாதீங்க நானா. மூக்கே இல்லாத மாப்புள்ளைக்கும் நான் மூக்கு வெச்சிருக்கன்,” என்றார் ஸஜீத்.

சிவப்பு வெல்வெட் விரிக்கப்பட்டது. குடை வைத்த விளக்குகள் இரண்டு பக்கமும் எரிந்தன. காசுகளை வட்டமாக அடுக்கினார். கணினியில் ஏற்றித் தோலை மிருதுவாக்கினார். ஓரத்தில் ரோசாப் பூ வைத்தார். பழக்க தோஷத்தில் கீழே ‘இனிய இல்லறம் மலர்க’ என்ற வரி வந்துவிட்டது, அதை மட்டும் ஜபார் கெஞ்சி எடுப்பித்தார்.

“படம் பெருசு நானா, ஒங்கட ஃபோன்ல இடமில்ல,” என்றார் ஸஜீத். “இதுல கெடக்கிற பழைய படமெல்லாம் அழிச்சிடுறன். எல்லாம் காசுப் படம்தானே?”

“அழிங்க, அழிங்க. அதெல்லாம் மங்கல்.”

புதுப் படம் போய்ச் சேர்ந்தது. மாஸ்டர் நெடுநேரம் யோசித்திருக்க வேண்டும்.

“தம்பி ஜபார்,” என்றது குரல், மிகுந்த தயவோடு. “இது என்ன, முட்டைக் குழம்போ?”

சனிக்கிழமை முழுவதும் மாஸ்டரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. மனிதர் வெறுத்துவிட்டார் என்று ஜபார் நினைத்தார். அன்றைக்கு வளவில் இருபது பேருக்குமேல் கூடி நின்று குழியைப் பார்த்தார்கள். சிலர் எலுவன்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். குழியில் இறங்கப் பார்த்த இரண்டு பேரை ஸுலைஹா விளக்குமாறோடு துரத்தினாள். பார்க்க வந்தவர்களும் மனிதர்கள்தானே. அவர்களும் அன்ரனிப்பிள்ளை வீட்டு வரிசையில் போய் நின்றார்கள்.

ஞாயிறு பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வான் வந்தது. கூடவே, யாரோ சொல்லி, தொல்பொருள் உத்தியோகத்தரின் ஜீப்பும் வந்தது. இரண்டும் ஒரே படலையில் முட்டிக்கொண்டன.

மாப்பிள்ளையின் தாய் கமறியா வானிலிருந்து இறங்கினாள். பாரமான உடம்பு, பெருந்தன்மையான முகம். கற்பிட்டியிலிருந்து ஒரு மணித்தியாலம் குலுங்கி வந்தவள். வழியில் இளநீரும் குடித்திருக்கிறாள். ஸலாம் சொன்ன கையோடு ஸுலைஹாவின் காதருகே குனிந்தாள்.

“மகளப் பொறகு பாப்பம். மொதல்ல கக்கூஸ் எங்க?”

ஸுலைஹா அவள் கையைப் பிடித்து, வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் பக்கத்து வளவுக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஏழு பேர் நின்றார்கள்.

“என்ன இது?” என்றாள் கமறியா. “கற்பிட்டியில பானை நெறையத் தங்கம் எண்டு கத. புதையல் கெடச்ச வீட்டுல ஒரு கக்கூஸ் இல்லயா?”

யூஜீனியா ஓடி வந்து வரிசையை விலக்கினாள். “சம்பந்தி அம்மாவை முதல் விடுங்கோ! நீங்கள் எல்லாரும் சும்மா பார்க்க வந்தனீங்கள்!”

இந்தப் பக்கம் குழியோரத்தில் உத்தியோகத்தர் ஒரு காசை எடுத்து வெயிலுக்குப் பிடித்தார். கண் கூசியது.

“மொகத மே? என்ன இது, காசா, வொஷரா?”

ஜபார் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல உத்தியோகத்தர் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். கோபக்காரர் அல்ல. களைத்துப்போன மனிதர்.

“அய்யோ நானா. எழுத்தும் இல்ல, உருவமும் இல்ல. இது எந்தக் காலம் எண்டு நான் என்ன எழுதுறது? கழுவ முந்தி எடுத்த படம் ஒண்டாவது இருக்கா?”

“இருந்திச்சு. அழிச்சிட்டம். எல்லாம் மங்கல் எண்டு... மாஸ்டர்ட ஃபோனும் நேத்திலிருந்து வேல செய்யுதில்ல.”

“அப்ப ஒண்டும் செய்ய ஏலாது. கொழும்புல இருந்து ஆள் வந்து பாக்கணும். அதுவரைக்கும் குழியத் தொடக் கூடாது,” என்று சொல்லி ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். சாரதி மஞ்சள் ரேப் சுருளை எடுத்து வந்தார்.

“எவ்வளவு நாள் ஐயா?”

“நாள் எண்டு சொல்ல ஏலாது. போன முறை ஒரு கிணத்துக்கு ஒரு வருஷம் எட்டு மாசம் எடுத்தது.”

ஜபார் குழியோரத்து மண்மேட்டில் குந்தினார். எல்லோருக்கும் கேட்கிறதென்பதே அவருக்கு நினைவில்லை.

“ஐயா, முகாம்ல நாங்க நூத்திப்பத்துக் குடும்பம். எட்டுக் கக்கூஸ். நான் இவளக் கலியாணம் முடிச்ச அண்டைக்கும், விடிய நாலு மணிக்கு இவளுக்காக வாளியோட வரிசையில நிண்டன். ‘நமக்கு எண்டு ஒரு காணி வரும், நமக்கு எண்டு ஒரு கதவு வரும், நீ வரிசையில நிக்கத் தேவையில்ல’ எண்டு சொன்னன். இருவது வருஷம் போயிட்டு. காணி வந்திட்டு. இந்தக் கதவு மட்டும்தான் பாக்கி. அந்தக் காசுல எனக்கு ஒண்டும் வேணாம். எல்லாத்தயும் கொண்டு போங்க. குழிய மட்டும் விட்டுத் தாங்க.”

வேலிப் பொட்டுக்குள்ளால் திரும்பி வந்த கமறியா அங்கேயே நின்றுவிட்டாள். உத்தியோகத்தர் ரேப்பின் நுனியைக் கையில் பிடித்தபடி எங்கேயோ பார்த்தார்.

அப்போது ஸஃப்னாவின் கையிலிருந்த ஜபாரின் தொலைபேசி அடித்தது. இராமநாதன் மாஸ்டர். அவள் சத்தத்தைக் கூட்டி நீட்டினாள்.

“தம்பி ஜபார்!” மாஸ்டரின் குரல் வளவு முழுக்கக் கேட்டது. “ஆகா! படம் எண்டா இதெல்லோ படம்! என்ன தெளிவு! என்ன வெளிச்சம்! மனிசன்ர கால் விரலைக்கூட எண்ணலாம் போல கிடக்கு! சோழர் காலத்துக்கு அண்டின செப்புக் காசு, தம்பி. ஒரு பக்கம் நிக்கிற ஆள், மற்றப் பக்கம் குந்தியிருக்கிற ஆள்!”

ஜபாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருத்தன் நிற்கிறான், ஒருத்தன் குந்தியிருக்கிறான் என்றதும், ஒரு வாரமாக அன்ரனிப்பிள்ளை வீட்டு வாசலில் கண்ட காட்சிதான் மனதில் வந்தது. யூஜீனியாவுக்கும் அதுவே வந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பினாள்.

உத்தியோகத்தர் தொலைபேசியை வாங்கினார். சிங்களம் கொஞ்சம், தமிழ் கொஞ்சமாக இரண்டு பேரும் கதைத்தார்கள். மாஸ்டர் படத்தைத் திருப்பி அனுப்பினார். உத்தியோகத்தர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ஹரி ஹரி, சரிதான்! இதுதானா? இந்தக் காசு எங்கட ஸ்டோர்ல மூணு சாக்கு இருக்கு நானா.”

குழிக்குள் இறங்கிப் பார்த்தார். அடியில் வெறும் கடல் மணல். சுவருமில்லை, செங்கல்லுமில்லை, வேறொரு ஓட்டுத்துண்டுமில்லை. யாரோ வழிப்போக்கன் அவசரத்தில் புதைத்துவிட்டுப் போன சட்டி. மேலே வந்து படத்தைத் தன் தொலைபேசிக்கு அனுப்பிக்கொண்டார், படிவம் நிரப்பினார், சட்டியையும் பதினொரு சூரியனையும் பொதி செய்தார், ஜபாரிடம் கையெழுத்து வாங்கினார். மஞ்சள் ரேப்பைச் சாரதி திரும்பவும் சுருட்டினார்.

“குழிய வெட்டுங்க. இன்னும் ஏதும் வந்தா எனக்குச் சொல்லுங்க,” என்றவர் இரண்டடி நடந்து திரும்பினார். “கழுவ வேணாம்.”

கமறியா முன்னுக்கு வந்து ஸுலைஹாவின் கையைப் பிடித்தாள்.

“ஆர்ட காசு எண்டு தெரியாம குழி வெட்ட வேணாம் எண்டு நிப்பாட்டின ஆள் நீங்கதானாமே? பக்கத்து வீட்டு அம்மா வரிசையில வெச்சே எல்லாம் சொன்னா. என்ட மகன் ஸுஹைபுக்கு நான் வேற வீடு பாக்கத் தேவையில்ல. கலியாணத்துக்கு முந்திக் கதவு மட்டும் போட்டுருங்க.”

ஸுலைஹா அழுதாள். ஜபார் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். அன்ரனிப்பிள்ளை மேசனுக்குத் தானே தொலைபேசி எடுத்து, உடனே வரச் சொன்னார். அவருடைய அவசரம் அவருக்கு.

எல்லாம் ஓய்ந்த பிறகுதான் ஸஃப்னா தொலைபேசியில் வந்திருந்த படத்தைப் பார்த்தாள்.

“வாப்பா, இது ஸ்டூடியோப் படமில்ல. செவ்வாக்கிழம பாண் கடதாசியில வெச்சு நாம எடுத்த மொதல் படம்!”

ஜபார் படத்தை வாங்கிப் பார்த்தார். யன்னல் வெளிச்சம், வெள்ளைக் கடதாசி, பச்சைக் காசு. உடனே மாஸ்டரைத் திரும்ப அழைத்தார்.

“மாஸ்டர், இது மொதல் நாள் அனுப்பினதாச்சே! இதத்தானே பனிக்குள்ள மாடு எண்டு சொன்னீங்க?”

மறுமுனையில் ஒரு செருமல் கேட்டது. தொலைபேசி கை மாறுகிற சரசரப்பு. ஒரு பெண்ணின் குரல் வந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“ஜபார் மாமா, நான் யதுர்சிகா, மாஸ்டரின்ர மகள். குறை நினையாதேங்கோ, உங்கட படமெல்லாம் முதலே நல்ல தெளிவுதான். அப்பாவுக்குத்தான் கண்ணில வெண்புரை, நேற்று அதை வெட்டி எடுத்து, இண்டைக்குக் காலமைதான் கட்டு அவிட்டவை.”